பூஜையில் வைக்காத டிராக்டர்

மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கும் ஒரு இஸ்திரிக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கிற 'ஜெயம் கேம்ஸ்' கடைக்கு முதலாளி, தொழிலாளி, காவலாளி, தத்துவஞானி எல்லாம் விஜய்குமார்தான். வீடியோ கேம் டிஸ்க்குகள் விற்பது அவருடைய தொழில். டவுன்லோடு என்கிற அரக்கனை ஒழிப்பது அவர் எடுத்த அவதாரத்தின் நோக்கம். மகிஷனையே பார்த்த ஊரில் இந்த அரக்கன் எம்மாத்திரம் என்பது அவர் எண்ணம்.

கடைக்குள் டிஸ்க் வாங்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆனால் பிரசங்கம் குறையவில்லை. ஆள் குறையக் குறைய, வருகிற ஒருவருக்கே மொத்தத்தையும் கேட்கும் பாக்கியம் வாய்த்தது.

"டிஸ்க்குன்னா அது உங்க சொத்துங்க. பீரோவுல வெக்கலாம். மச்சானுக்கு இரவல் குடுக்கலாம். அவன் திருப்பித் தரலேன்னா சண்டை போடலாம். டவுன்லோடுல என்ன இருக்குது? நாளைக்கே கம்பெனிக்காரன் ஒரு பட்டனை அமுக்கினா உங்க கேம் காத்தோட போச்சு. டிஸ்க் போட ஒரு ஓட்டைகூட இல்லாத கேம் மிஷினை நம்பி வீட்டுக்குள்ள விடுவீங்களா?"

கேட்பவர் இதற்கும் அசையவில்லை என்றால், கடைசி அஸ்திரம் ஒன்று இருந்தது.

"சரி, எல்லாம் விடுங்க. ஆயுத பூஜைக்கு டவுன்லோடுக்கு எங்க பொட்டு வெப்பீங்க?"

இதற்கு இன்றுவரை மைசூரில் யாரும் பதில் சொன்னதில்லை.

இந்தக் கேள்வி வெறும் வாய்ப்பேச்சு அல்ல. ஜெயம் கேம்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று காலையில் வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டு டிஸ்க்குகளைக் கொண்டுவந்து கடையில் சாமுண்டி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். உறைமேல் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப்பூ. அதன்பின் கடையைப் பூட்டிவிட்டால் மறுநாள் விஜயதசமி காலையில்தான் திறப்பார். அதுவரை யாரும் விளையாடக் கூடாது. பூஜையில் வைத்ததைத் தொடுவது பாவம். ரூல் போட்டவர் விஜய்குமார். பல் டாக்டர் மோகனப்ரியாவிலிருந்து டயர் ஃபேக்டரி ஜடையன்வரை எல்லாரும் அதை மதித்தார்கள். துப்பாக்கியும் வாளும் டிராகனுமாக அத்தனை ஆயுதங்களும் ஒருநாள் முழுக்க அம்மன் காலடியில் பொரிகடலையோடு ஓய்வெடுக்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டுப் படுக்கையறையில், குளிர்காலக் கம்பளிகளுக்குப் பின்னால், டிஸ்க் போட ஓட்டை இல்லாத மிஷின் ஒன்று இருந்தது.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். விஜய்குமாரின் சொந்த ஊர் ஹனூர் பக்கத்து மார்டள்ளி. வீட்டுக்கு மக்காச்சோளக் காடும், அதை உழ ஒரு டிராக்டரும் உண்டு. மண்ணில் கால் வைக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு மைசூருக்கு பஸ் ஏறியவர் அவர். ஒவ்வொரு அறுப்புக்கும் அப்பா சித்தையன் போன் செய்து, "ரெண்டு நாளு வந்துட்டுப் போடா" என்பார். ஒவ்வொரு அறுப்புக்கும் கடையில் புது சரக்கு வந்திறங்கும். சரக்கு வருவது நின்று எத்தனையோ காலமான பிறகும், அறுப்பு சமயத்தில் மட்டும் அது தவறாமல் வந்துகொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர் ஒருநாள் போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். 'மை லிட்டில் டிராக்டர்' என்று ஒரு கேம். சிவப்பு டிராக்டர் மெதுவாக ஒரு வயலை உழுதுகொண்டு போனது. அவ்வளவுதான். யாரும் யாரையும் சுடவில்லை. விஜய்குமார் அதை நாலுதரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெங்களூர் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு டிஸ்க் கேட்டார்.

"அதெல்லாம் டிஸ்க்ல வராது குரு, டவுன்லோடு மட்டும்தான்" என்றார் அவர். "யாரு கேட்டாங்க? சின்னப் பசங்களா?"

"ஆமா, ஒரு சின்னப் பையன்" என்று சொல்லி விஜய்குமார் போனை வைத்தார்.

ஊரின் மறுகோடியில் உள்ள ஒரு மாலுக்குப் போய், ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அந்த மிஷினை வாங்கிக்கொண்டு வந்தார். விற்பனைப் பெண் மூன்றுதரம் கேட்டும் கண்ணாடியை மட்டும் தூக்கித் தூக்கிப் பதில் சொன்னார். மிஷின் ஒரு கணக்குத் திறக்கச் சொன்னது. புதுக் கணக்குக்குப் புது ஈமெயில் வேண்டுமாம். விஜய்குமாருக்கு இருப்பது ஒரே ஈமெயில். ஆகவே புது டிஸ்க் வந்தால் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்ப வைத்திருந்த கடைக் கணக்கிலேயே உள்ளே போனார். கடையின் அத்தனை வாடிக்கையாளர்களும் அந்தக் கணக்கில் நண்பர்கள்; இவர் என்ன விளையாடினாலும் அவர்கள் வீட்டுத் திரையில் தெரிந்துவிடும். அதனால் கேமை இறக்கி முடித்தவுடன் வைஃபை பெட்டியை அணைத்தார். அதன்பின் ஒவ்வொருமுறை டிராக்டரில் ஏறுமுன்பும் முதலில் வைஃபையை அணைப்பது அவர் கடைப்பிடித்த ஆசாரம்.

மனைவி கனகாவுக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

"மாமா காட்டுல ஒத்தையா கெடக்கறாரு. மண்வெட்டி எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு உங்களுக்குத் தெரியாது" என்பாள். "இங்க பாத்தா கேமுல எருமைக்குப் பேரு வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க. என்ன பேரு வெச்சீங்க?"

"சும்மா ஒரு பேரு" என்று விஜய்குமார் திரையைப் பார்ப்பார்.

இந்த ரகசியத்தால் யாருக்கும் கேடில்லை என்றுதான் அவர் நினைத்தார். ஜடையன் விஷயம் மட்டும் அவ்வப்போது நெஞ்சில் நெருடும். ஜடையன் ஹனூர்க்காரர். பெங்களூரில் இருக்கிற தம்பி பாலன், அண்ணனுக்கென்று ஆசையாக ஒரு மிஷின் வாங்கி அனுப்பினான். ஓட்டை இல்லாத வகை. ஜடையன் பெட்டியைப் பிரிக்காமலேயே கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்து யோசனை கேட்டார். விஜய்குமார் அன்று பிரமாதமாகப் பேசினார். அது வீட்டுக்கு ஆகாது என்றார். அதை ஏற்றுக்கொள்வதும் அரக்கனுக்கு மாலை போடுவதும் ஒன்று என்றார். ஜடையன் அன்றைக்கே அதைத் தம்பிக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது கம்பளிக்குப் பின்னால் சிவப்பு டிராக்டர் வந்து மாசக்கணக்காகியிருந்தது. அதன் பிறகும், "ஜடையன் மாதிரி ஒரு ஆளு இருக்கற வரைக்கும் டிஸ்க்குக்குச் சாவில்ல" என்று வருகிறவர்களிடம் விஜய்குமார் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் ஆயுத பூஜை நல்லபடியாகத்தான் தொடங்கியது. டிஸ்க்குகள் வந்தன, பொட்டு வைக்கப்பட்டன, வாசலில் பூசணிக்காய் உடைந்தது, கடை பூட்டப்பட்டது. மதியம் வீட்டுக்கு வந்தார் விஜய்குமார். கனகா மிக்ஸி, தையல் மிஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து முடித்திருந்தாள். கம்பளிக்குப் பின்னால் இருந்ததற்கு மட்டும் பொட்டில்லை. அம்மனுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று அவரே அதை மறைத்துவிட்டிருந்தார்.

மை லிட்டில் டிராக்டரில் அன்று மக்காச்சோளம் முற்றி நின்றது. மறுநாள் மழை என்றும் போட்டிருந்தது. விட்டால் மொத்தமும் வீண். விஜய்குமார் கூடத்துக்கு வந்து வைஃபை பெட்டியை அணைக்கக் கை நீட்டினார். அதன்மேல் சந்தனம், குங்குமம், சுவிட்சைச் சுற்றி ஒரு முழம் செவ்வந்தி.

"கைய எடுங்க" என்றாள் கனகா, அடுப்படியிலிருந்தே. "பூஜையில வெச்சதைத் தொடக் கூடாது. ரூல் யாரு போட்டது?"

அவர் திரும்பிப் படுக்கையறைக்கு வந்தார். ஒரேயொரு நாள்தானே. பண்டிகை நாளில் யார் மிஷினைப் போட்டுப் பார்க்கப்போகிறார்கள்? எல்லார் டிஸ்க்கும் நம் பூட்டுக்குள் அல்லவா இருக்கிறது?

டிஸ்க் இல்லாத நாளில் ஜனங்கள் தங்கள் கேம் மிஷினில்தான் சினிமா பார்ப்பார்கள் என்பது, இருபது வருஷமாக டிஸ்க் விற்கிறவருக்குத் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. இத்தனை மாசமாக டிராக்டர் கேமில் அவர் வாங்கிய விருதுகளை எல்லாம் அவருடைய மிஷின் வயிற்றுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, நண்பர்களுக்கெல்லாம் அறிவிக்க இன்டர்நெட் எப்போது வரும் என்று காத்திருந்தது.

பாதிக் காடு அறுத்திருப்பார். போன் முனகியது. பல் டாக்டர் மோகனப்ரியா: "முதல் எருமைக்கு வாழ்த்துகள் அண்ணா." யாருக்கோ அனுப்ப வேண்டியது என்று நினைத்தார். அடுத்தது பக்கத்து மருந்துக்கடை பிரசாந்த்: "பொறுமையான உழவன் விருதா? ஜோர்." அதற்கடுத்து, எவரோ தன் வீட்டு டிவியைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ஜெயம் கேம்ஸ் தங்க மண்வெட்டி வென்றது. ஜெயம் கேம்ஸ் வளர்க்கும் 'கனகா' எருமைச் சந்தையில் முதல் பரிசு. ஜெயம் கேம்ஸ் இப்போது விளையாடிக்கொண்டிருக்கிறது.

விஜய்குமார் கூடத்துக்கு ஓடினார். செவ்வந்திக்கு ஒரு சாண் முன்னால் கை நின்றது. தொடலாமா கூடாதா என்று அவர் அங்கேயே நிற்க, கனகா அவர் கையிலிருந்த போனை வாங்கிப் படித்தாள். கடைசிவரை படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "சும்மா ஒரு பேரு" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் விஜயதசமி. மதியம் யானை ஊர்வலத்துக்கு ரோடுகளை அடைத்துவிடுவார்கள் என்பதால் எல்லாரும் காலையிலேயே தங்கள் டிஸ்க்கைத் திரும்ப வாங்க வந்தார்கள். ஒருவர்கூட டவுன்லோடு என்கிற வார்த்தையை எடுக்கவில்லை. எல்லார் முகத்திலும் விவசாயிகள் மேல் ஒரு பொதுவான அக்கறை மட்டும் தெரிந்தது.

"காட்டுல மழை உண்டுங்களா அண்ணா?"

"உரமெல்லாம் தட்டுப்பாடில்லாம கிடைக்குதா?"

"கனகா எப்படி இருக்கு?" என்றார் பிரசாந்த். பிறகு, "அக்காவைத்தான் கேட்டேன்."

விஜய்குமார் தலையைத் தூக்காமல் டிஸ்க்குகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். கிண்டல் செய்கிறவர்கள் போனால் போதும் என்றிருந்தது. கடைசியில் கிண்டல் செய்யாத ஒருவர் வந்து நின்றபோது, அவர்களே இருந்திருக்கலாம் என்று பட்டது.

ஜடையன் தன் டிஸ்க்கை வாங்கி, உறைமேல் இருந்த குங்குமத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போகவில்லை.

"நானும் நேத்து பாத்தேனுங்க" என்றார்.

"ம்."

"உங்க பேச்சை நம்பித்தானுங்க திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து பாலன் எம் போனை எடுக்கறதில்ல. தசராவுக்கும் வரல."

அவர் குரலில் கோபமே இல்லை. கணக்குத் தீர்க்க வந்தவர் மாதிரியும் இல்லை. வெறுமனே நடந்ததைச் சொன்னார். விஜய்குமாருக்குக் கல்லாவுக்கு அடியில் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறதா என்றுகூடப் பார்க்கத் தோன்றியது.

"தம்பி நம்பர் சொல்லுங்க" என்றார்.

தன் போனிலிருந்தே கூப்பிட்டார். தெரியாத நம்பர் என்பதால் பாலன் எடுத்தான்.

"நான் மைசூர் டிஸ்க் கடைக்காரனுங்க. உங்கண்ணனுக்கு யோசனை சொன்னது நாந்தான்."

"ஓ. நீங்கதானா அது."

"நீங்க அனுப்பினது நல்ல மிஷின்தானுங்க. அதே மிஷினு எங்கிட்ட இருக்குது. உங்கண்ணன் வந்து கேட்டப்பவே இருந்துச்சு."

பாலன் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. பிறகு, "நீங்க எதுக்குங்க வாங்கினீங்க?" என்றான்.

விஜய்குமார் ஜடையனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சாமுண்டி படத்தை மட்டும் பார்க்கவில்லை.

"டிராக்டர் ஓட்டறதுக்குங்க."

"ஏனுங்க, ஊர்ல உங்களுக்கு டிராக்டர் இல்லியா?"

"இருக்குதுங்க" என்றார் விஜய்குமார். "அப்பா ஓட்டறாரு. வயசாயிடுச்சு, ஆனா அவரேதான் ஓட்டறாரு."

இதைக் கேட்டதும் ஜடையன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார், அவரே ஏதோ செய்துவிட்ட மாதிரி. பாலன், "போனை எங்கண்ணன்கிட்டக் குடுங்க" என்றான்.

ஜடையன் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். வெகுநேரம் முதுகு மட்டும் தெரிந்தது. தெருமுனையில் போலீஸ்காரர்கள் தடுப்பு இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கொடுத்தபோது போன் சுட்டது.

"தீவாளிக்கு வரேன்கறான். மிஷினையும் எடுத்துட்டு வரானாம்." டிஸ்க்கைப் பைக்குள் வைத்தார். படியிறங்கியவர் நின்றார். "அடுத்த வருசமும் பூஜைக்குக் கொண்டாந்து வெக்கறேனுங்க. ஆனா உங்க டிராக்டரும் இங்க இருக்கணும். ஒளிச்சு வெக்கக் கூடாது."

விஜய்குமார் கடையைப் பூட்டாமலேயே வீட்டுக்குப் போனார். கம்பளிகளை விலக்கி மிஷினை எடுத்து, உறைகூடப் போடாமல் ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்தி, ஹெல்மெட்டில் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, மருந்துக்கடை பிரசாந்த் பார்க்கப் பார்க்கக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தட்டில் கொஞ்சம் குங்குமம் மிச்சமிருந்தது. எங்கே பொட்டு வைப்பது என்று அந்த மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் நட்ட நடுவில் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது.

ஊர்வலம் பார்க்க வந்த யாரோ ஒருவர், ரோடு அடைத்துவிட்டதால் உள்ளே நுழைந்து நின்றார். மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார்.

"இது டிஸ்க் இல்லாத மாடல்தானுங்களே? எப்படி, நல்லாருக்குதுங்களா?"

விஜய்குமார் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் பிரசங்கத்தின் முதல் வரி நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, மிஷினைப் பார்த்தபடியே சொன்னார்:

"நல்லா உழுகுதுங்க."