மகளின் உடலிலிருந்து ஒழுகிய புரதம்

காலையில் எழுந்தபோது ஜெனிஷாவின் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. தூக்கம் கூடிப்போயிருக்கும் என்று நினைத்துப் பள்ளிக்கு அனுப்பினேன். மாலையில் செருப்பைக் கழற்றியபோது வார் பதிந்த இடம் குழியாகவே நின்றது. சிறுநீர் சோப்புத் தண்ணீர்போல நுரைக்கிறது என்றாள். அப்போதுதான் பயந்தேன்.

அவளுக்கு எட்டு வயது. அவள் அப்பா சேவியர் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். நான் மட்டும் அவளைக் கருங்கல் ஊரிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த டாக்டர் சிறுநீரைச் சோதித்துவிட்டு, அன்றே நாகர்கோவிலுக்குப் போகச் சொன்னார்.

அங்கே சிறுநீரக மருத்துவர் ஒரு பெண். நெஃப்ரோடிக் சின்ட்ரோம் (சிறுநீரக வடிகட்டி புரதத்தை ஒழுகவிடும் நோய்) என்றார். ஆல்புமின் (இரத்தத்தில் நீரைப் பிடித்துவைக்கும் புரதம்) குறைந்ததால் நீர் கசிந்து முகத்திலும் காலிலும் தேங்கியிருக்கிறது. கிருமியை எதிர்க்கும் புரதங்களும் கூடவே வெளியேறுகின்றன. ஆகவே சிறு காய்ச்சல் வந்தாலும் உடனே வர வேண்டும்.

"அப்போ முட்டையும் மீனும் கூடுதலா குடுக்கட்டா டாக்டர்?"

"வயசுக்கு உள்ளது போதும். ஒழுகுத இடத்தை முதல்ல அடைக்கணும்லா. உப்பைக் குறைங்க. கருவாடு வேண்டாம்."

ஸ்டீராய்டு (வடிகட்டியின் கசிவை அடக்கும் மருந்து) தொடங்கினார்கள். இரத்தச் சோதனையில் கொழுப்பு மிகுந்திருந்தது. இந்தப் பிள்ளைக்கு எப்படிக் கொழுப்பு என்று பதறினேன். இழந்த புரதத்தை ஈடுசெய்ய கல்லீரல் ஓடி ஓடி உழைக்கிறது, அப்போது கொழுப்பும் கூடிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். ஒவ்வொரு செல்லின் சவ்வும் கொழுப்பால் ஆனது, அதைப் பகையாக நினைக்காதீர்கள் என்றும் சொன்னார்.

மருந்து பசியைக் கிளப்பியது. இரத்தச் சர்க்கரையும் ஏறியது. உடலுக்கு எரிபொருளான மாவுச்சத்தையே அளந்து கொடுக்க வேண்டியதாயிற்று. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) இன்னும் கேட்டு அழுதவளுக்கு இல்லையென்று சொல்லிவிட்டு, அடுக்களையில் நின்று நானும் அழுதேன். மருந்தால் உப்பிய கன்னத்தைப் பார்த்து, பிள்ளை தேறிவிட்டாள் என்றார்கள் உறவுக்காரர்கள்.

ஆனால் வாரங்கள் கடந்தும் ஒழுக்கு நிற்கவில்லை. பயாப்சி (ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதித்தல்) செய்தார்கள். பிறகு மரபணுச் சோதனை. டி.என்.ஏ. (எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற தகவலை வைத்திருக்கும் பொருள்) பிழையாக இருந்தால், வடிகட்டியின் புரதமே கோணலாக உருவாகும். அப்படியானால் மருந்துக்கு அநேகமாகப் பலன் இராது.

குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று மருத்துவர் கேட்டபோதுதான், கடலிலிருந்து திரும்பியிருந்த சேவியர் வாய் திறந்தார். அவருடைய தம்பி சிறுவயதில் உடம்பு வீங்கி இறந்திருக்கிறான். எனக்குக்கூட அது தெரியாது.

வெளியே வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்க கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வந்திருக்குமோ ஏட்டி?"

சோதனை முடிவு வரும்வரை அவர் கடலுக்குப் போகவில்லை. ஜெனிஷாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்திருப்பார். அவர் யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

தேடிய மரபணுக்களில் பிழை எதுவும் இல்லை. சேவியர் அதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். நோய் தீர்ந்ததாக இதற்குப் பொருளில்லை, வேறு மருந்துக்கு வழியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார் மருத்துவர். அந்த இரண்டாவது மருந்தில் வீக்கம் மெல்ல வடிந்தது. குளிப்பாட்டும்போது ஒருநாள் அவள் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. ஒல்லியான பிள்ளையைத் தொட்டு அத்தனை மகிழ்வேன் என்று நினைத்ததில்லை.

சளி பிடித்தாலே நோய் திரும்பலாம். அதனால் தினமும் காலையில் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைக்கிறோம். மஞ்சளாகவே நின்றால் புரதம் இல்லை, பச்சையாக மாறினால் ஒழுகுகிறது. இதே பட்டையைப் பிடித்து நிற்கிறவர்களுக்கு நான் சொல்ல முடிவது ஒன்றுதான்: நிறம் தெரியும்வரை அந்த ஒரு நிமிடம் மிக நீளம், எனக்கும் அப்படித்தான். உடம்பு என்பது உறுதியான ஒன்று என்று இப்போது நினைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ ஒவ்வொரு கணமும் அதைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அடுத்த ஆண்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதுமில்லை.

இன்று பட்டை மஞ்சளாக இருந்தது.

"நாளைக்கும் மஞ்சளா இருக்குமாம்மா?" என்றாள்.

"தெரியாது மக்கா. இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, கிளம்பு."