காரிமங்கலம் சந்தையில் பனிப்பட்டணம்

படப்பெட்டிக்காரனுக்குக் கண்ணாடி மூன்று, வாய் ஒன்று. கண்ணாடி உடைந்தாலும் பிழைப்பு ஓடும், வாய் கட்டிப்போனால் அன்றைக்கே பட்டினி. "இந்தக் கரை உங்களுக்குன்னே நெய்ஞ்சதுங்க" என்று சொல்லும் புடவைக் கடைக்காரர்கள், மாட்டுத் தரகர்கள், பெண்ணுக்கு வரன் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் என் பங்காளிகள். பார்க்காததைப் பார்த்தமாதிரி சொல்வது எத்தனை பெரிய தொல்லை என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

என் பெட்டி பலாப் பலகையில் செய்தது. முன்பக்கம் மூன்று ஓட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு பூதக்கண்ணாடி. உள்ளே துணியில் ஒட்டிய படங்கள் இரண்டு உருளைகளுக்கு நடுவே சுருண்டு கிடக்கும். காலணா கொடுத்து மூன்று பேர் குத்துக்காலிட்டு ஓட்டையில் கண்ணை வைத்ததும் நான் கைப்பிடியைச் சுற்றுவேன். படம் நகரும், என் வாயும் நகரும். காரிமங்கலம், கடத்தூர் என்று சந்தை சந்தையாகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பெயர் தெரியாத ஊர்

முதலில் பெட்டிக்குள் காசியும் ராமேசுவரமும்தான் இருந்தன. ஒருமுறை கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் மறுசந்தைக்கு என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சமயத்தில் ஏற்காட்டில் ஒரு துரை ஊருக்குக் கிளம்ப, சாமான்களை ஏலம் போட்டார்கள். நாற்காலியும் கட்டிலும் போக மிச்சத்தில் ஒன்பது வண்ணப் படங்கள் எனக்கு வந்தன. அத்தனையும் பனி! கூரையில் பனி, மரத்தில் பனி, குதிரையின் முதுகில் பனி.

படத்துக்குக் கீழே ஊர் பெயர் என்னவோ அச்சடித்திருந்தது. காரிமங்கலம் தபாலாபீசில் காட்டினேன். போஸ்ட்மாஸ்டர் நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். எழுத்து இங்கிலீஷ், பாஷை இங்கிலீஷ் இல்லை என்றார். பள்ளிக்கூட வாத்தியார்தான் நாலு விஷயம் சொன்னார்: இது உலகத்தின் வடக்குக் கோடி, குளிர்காலத்தில் இரண்டு மாசம் சூரியன் வராது, நாய் வண்டி இழுக்கும், ஏரி கல்லாக உறைந்துவிடும், அதில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். பெயர் மட்டும் அவருக்கும் தெரியவில்லை. பெயரில்லாமல் எப்படிக் கூவுவது என்று போஸ்ட்மாஸ்டரிடமே திரும்பிப்போய் அழுதேன். அவர் முத்திரை குத்திக்கொண்டே சொன்னார்: "இங்கிருந்து எவன்யா அங்க போயி வெலாசம் தேடப் போறான்? நீயே ஒரு பேரு வெச்சுடு!"

ஆட்டைக் காணோம்

பனிப்பட்டணம் என்று வைத்தேன். சித்திரை வெயிலில் சந்தைத் திடல் கொதிக்க, நான் தொண்டை கிழியக் கூவுவேன்: "வாங்கம்மா, வாங்கய்யா! பனிப்பட்டணம் போனா என்னென்ன பண்ணணும், கேட்டுக்கோங்க! காலையில நாய் வண்டி சவாரி! மத்தியானம் ஏரியத் தோண்டி மீன் கொழம்பு! சாயங்காலம் வெந்நீர்க் குடிசையில குளியல்! அப்புறம் வானத்துல பச்சை வெளிச்சம்!" கும்பல் நெருக்கியடிக்கும். படத்தைப் பார்த்துவிட்டு எழுந்தவர்களில் இரண்டு பேராவது தோளைக் குறுக்கிக்கொண்டு போவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

பக்கத்தில் கம்பளி விற்கிற ஒருவர் கடை போடுவார். சொந்த ஆட்டின் மயிரைக் கத்தரித்து, சொந்த வீட்டில் நெய்து கொண்டுவருகிறவர். ஒருநாள் அவரும் காலணா கொடுத்துப் பார்த்தார். ஒன்பது படத்தையும் பார்த்தார். மறுபடி சுற்றச் சொன்னார். எழுந்து மேல்துண்டை உதறிக்கொண்டு, இத்தனை நாள் என்னை நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்ததற்கு வருத்தப்படுகிறவர் மாதிரி கேட்டார்: "ஊரே கம்பளி போத்திக்கிட்டு நிக்குது, ஒத்தை ஆட்டைக்கூடக் காணோமே. கம்பளி என்ன, கூரை மேல காய்க்குதா?"

நாய் வண்டி

நாய் வண்டிப் படத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். எட்டு நாய் சேர்ந்து ஒரு வண்டியை இழுக்கிற படம் அது. மாடு தின்கிற வைக்கோல் மிச்சம், லாடம் மிச்சம் என்று விளக்கினேன். பாரம் ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்: "எல்லாம் சரி. நாயை வண்டியில பூட்டிட்டா, வூட்டை யாருங்க காக்கறது?"

விடியாத ஊர்

கடலைக்காய் பறிக்கிற கூலிப் பெண்கள் ஒரு கூட்டமாகக் கடத்தூர் சந்தைக்கு வந்தார்கள். இரண்டு மாசம் சூரியனே வராது என்று நான் சொன்னதும் மூன்று ஓட்டையிலிருந்தும் மூன்று தலை நிமிர்ந்தது. நிஜமாகவா என்றார்கள். சத்தியம் என்றேன், தலையில் கூட அடித்துக் காட்டினேன். அவர்கள் பயந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

மூத்தவள் மற்றவர்களைப் பார்த்தாள். மடியிலிருந்த சுருக்குப் பையை வெளியே எடுத்தாள்: "விடிஞ்சாத்தானே கவுண்டரு வேலைக்குக் கூப்புடுவாரு? அந்த ஊருக்கு ரயிலு எங்க ஏறணும், சொல்லு!"

கல்லான தண்ணீர்

வத்தல்மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவருகிற ஒரு மலைக்காரர் எல்லாச் சந்தையிலும் என்னிடம் வருவார். பேசவே மாட்டார். மற்றவர்கள் குளிர் என்று வியப்பார்கள். மார்கழியில் மலைமேல் படுத்துறங்குகிற அவருக்கு அது ஒரு சங்கதியே இல்லை. ஏரி உறைந்த படம் வந்தால் மட்டும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்வார். பார்த்துக்கொண்டே இருப்பார். பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போடுவார்கள்.

ஆறாவது சந்தையோ ஏழாவது சந்தையோ, அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு கவலை. எனக்கே பாவமாகப் போய்விட்டது. "இத்தனை நாளா ரோசனை பண்றேன், எனக்குப் புடிபடலைங்க. தண்ணி கல்லாப் போச்சுன்னா எருமை எப்படிக் குடிக்கும்?"

மண்ணெண்ணெய் இல்லாத விளக்கு

அப்புறம் உலகச் சண்டை வந்தது. அரிசி அளந்து கொடுத்தார்கள், மண்ணெண்ணெய்க்குச் சீட்டு வந்தது. ஊரெல்லாம் பொழுது சாய்ந்தால் படுக்கை. அப்போது என் கடைசிப் படத்துக்கு, வானமெல்லாம் பச்சைப் பச்சையாக வெளிச்சம் ஓடுகிற அந்தப் படத்துக்கு, வந்த மவுசு சொல்லி முடியாது. யார் கொளுத்துகிறார்கள் என்று கேட்டார்கள். யாரும் இல்லை, தானாக எரிகிறது என்றேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து வரிசையில் நின்றுவிட்டு வெறும் கையோடு வந்த ஒருவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது: "நம்மூர்ல மூணு மாசமா ஒரு பாட்டில் எண்ணெய்க்கு வழியில்லை, அங்க ஆகாசம் பூரா எரிய உட்டிருக்கறாங்க. கேக்க நாதியில்லையா?"

இறங்கின தோள்

அந்தச் சண்டைக் காலத்தில்தான் மாதம்மா வந்தாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். புருஷன் மாரப்பன் மதராஸ் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் கரி அள்ளும் வேலைக்கு ஏறிவிட்டான். அவனிடமிருந்து வந்த கடைசிக் கடுதாசியில் பாதி வரிகளைச் சர்க்காரில் மையால் அடித்திருந்தார்கள். 'ரொம்பக் குளிர் ஊரு, தண்ணி கல்லாக் கெடக்குது' என்ற வரி மட்டும் தப்பியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷமாக ஒன்றும் வரவில்லை. நான் கூவுவதைக் கேட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

ஐந்தாம் படத்தில் கையைத் தூக்கினாள். நிறுத்தினேன். பனியில் ஒரு சறுக்குவண்டி. அதில் தலைக்குக் குல்லாய் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டிக்குப் பின்னால் கம்பளிக் கோட்டோடு ஒரு ஆள் முதுகைக் காட்டி நிற்பான். மாதம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் படம் நான் ஏலத்தில் எடுத்தது; அப்போது மாரப்பன் இங்கே காரிமங்கலத்தில் காவடி போட்டுத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை: "எடது தோளு எறங்கியிருக்குது பாருங்க! தண்ணிக் காவடி போட்டுப் போட்டு எறங்கின தோளுங்க அது. எங்கூட்டுக்காரரு முதுகு எனக்குத் தெரியாதா?"

பெட்டி சாட்சி

சந்தைக்குச் சந்தை வந்தாள். காலணா வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள். ஐந்தாம் படத்தைப் பார்ப்பாள், போவாள். வண்டியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கடுதாசி நின்று இரண்டு வருஷம் ஆனது. மாமனார் பிடிவாதமாக நின்றார்: மகன் போய்விட்டான், காரியம் செய்ய வேண்டும், மருமகள் தாலியைக் கழற்ற வேண்டும். அவள் மாட்டேன் என்றாள், பெட்டியில் இருக்கிறார் என்றாள். ஊர்க்கவுண்டர் கோயில் முன்னால் ஆளைக் கூட்டி, பெட்டியோடு என்னைக் கூப்பிட்டுவிட்டார். குத்துக்காலிட்டுப் பார்த்தார். தோள் இறங்கித்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, இது எப்போது எடுத்த படம் என்று கேட்டார். பயந்து போனேன், ஐயா. காலணாவுக்கு ஆயிரம் பொய் சொன்னவன்தான். புதுப் படம் என்று பொய் சொன்னால் செத்தவனுக்காக ஒரு பெண்ணைக் காத்திருக்க வைத்த பாவம். சொல்லாவிட்டால் உயிரோடு இருக்கிறவன் கட்டின தாலியை அறுத்த பாவம். மாதம்மா என் பக்கம் பார்க்கவே இல்லை. தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன தையில வந்த படமுங்க" என்று சொல்லிவிட்டேன்.

கவுண்டர், சண்டை முடிகிறவரை பொறுக்கலாம் என்று தீர்த்துவிட்டு எழுந்தார். கூட்டம் கலைந்தது. மாமனார் மட்டும் போகவில்லை. பெட்டி முன்னால் மெள்ள உட்கார்ந்து கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிராமலே சொன்னார்: "நல்ல தடிக் கம்பளியாத்தான் போத்தியிருக்கறான்."

போய்வந்தவர்

அதற்கப்புறம் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. ஐந்தாம் படம் வந்தால் வேகமாகச் சுற்றிவிடுவேன். சண்டை முடிந்தது. போனவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஒரு சந்தை நாளில், நல்ல வெயிலில், ஒரு ஆள் காலணாவை நீட்டினான். இடது தோள் இறங்கியிருந்தது. பின்னால் மாதம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். எழுதின கடுதாசி எல்லாம் எந்தக் கடலில் முழுகியதோ தெரியவில்லை என்றான்.

பனிப்பட்டணத்தில் நாய் வண்டி ஏறினாயா, மீன் பிடித்தாயா, பச்சை வெளிச்சம் பார்த்தாயா என்று ஆசையாகக் கேட்டேன். மாரப்பன் சிரித்தான். "ரெண்டு மாசம் கப்பல் அங்க நின்னுதுங்க. எங்களை மேல ஏற உடல. கீழ கரி அறையில நெருப்புக்கு முன்னால கெடந்தேன். வேர்வையத்தான் பாத்தேன். தண்ணி கல்லாக் கெடக்குதுன்னு மேல இருந்தவங்க சொன்னதைத்தான் கடுதாசியில எழுதினேன். அந்த ஊரு எப்படி இருக்கும்னு பாக்கத்தான் இப்ப காலணா குடுத்திருக்கறேன்." கண்ணை வைத்தான். நான் சுற்றினேன். கூரை, ஏரி, நாய் எல்லாவற்றுக்கும் சின்னப்பிள்ளை மாதிரி வாயைப் பிளந்தான். ஐந்தாம் படத்தில் மாதம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இது நீங்கதானே?" என்றாள்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவளுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினேன். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், கழுத்திலிருந்த தாலியைப் பார்த்தான். "ஆமா புள்ள, நான்தான்" என்றான். மாதம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மூன்று வருஷமாக வாய் திறந்து கேட்காததை அப்போது கேட்டாள்: "அப்ப பக்கத்துல சிரிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறாளே, அவ யாருங்க?"

பத்து வருஷமாக அந்த ஊரைப் பற்றி வாய் ஓயாமல் பொய் சொன்னவன் நான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் பெட்டியிலும் ஒன்றுமில்லை, வாயிலும் ஒன்றுமில்லை.