கைக்காசு நாளில் வெடித்த குழாய்

டெக்சாஸில் பாலும் பாணும் விற்கிற பெரிய கடையிலேயே, கண்ணாடிப் பெட்டிக்குள் துவக்குகளும், அதுதான் துப்பாக்கிகளும், கிடக்கின்றன. தள்ளுவண்டியில் முட்டையை வைத்துவிட்டு ஒரு அம்மா அதில் ஒன்றைத் தூக்கிப் பார்க்கிறாள், நம் ஊரில் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி. எனக்கு இன்னும் அது பழகவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலையானால் அந்தப் பெட்டியின் முன்னால் போய் நிற்கிறேன்.

காரணம் செல்வராசு. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் கடைசி லயத்துக்காரன். உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாதென்பது நாட்டுச் சட்டம். அவனோ தண்ணீர்க் குழாயை அறுத்து, தேயிலை ஓரத்தில் கம்பி இழுத்து, காட்டுப்பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைப்பான். கம்பியில் கால் பட்டால் வெடிக்கும். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுமுன் அவிழ்த்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லைதானே என்று அப்படியே விட்டுவிட்டான். அன்றைக்குப் பார்த்துக் கைக்காசு போட்டிருந்தார்கள்; லீவு நாளில் கொழுந்தை நிறுத்துக் கையிலேயே காசு கொடுக்கிற வேலை. முதல் ஆளாக மலையேறியவள் என் தங்கை சாந்தி. இடது கால் முழங்காலோடு போய்விட்டது.

பொலிஸ் வந்து குழாயை எடுத்துப் போனது. யார் கட்டியது என்று கேட்டதற்கு லயமே வாயை மூடிக்கொண்டது. எல்லார் வீட்டு அடுப்பிலும் அவன் பன்றிக்கறி வெந்திருந்ததே! அடுத்த மாதமே வேறொரு குழாய் கட்டினான், பாவிப்பயல்.

இதை இங்கே என்னோடு வேலை செய்யும் மைக் என்பவனிடம் சொன்னேன். "உன் தங்கையிடம் ஒரு துவக்கு இருந்திருந்தால் தப்பியிருப்பாள்" என்றான், உருக்கமாக.

"யாரைச் சுட? தேயிலைச் செடியையா?"

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துத் தோளில் தட்டினான். தடை போட்டால் கெட்டவன் கையில் மட்டும்தான் துவக்கு மிஞ்சும் என்பது அவன் கட்சி. செல்வராசுவைப் பார்த்தால் சரிதான் என்று தோன்றும். ஆனால் என்னையும் பார்க்கவேண்டும். சாந்தி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் ஊரெல்லாம் ஒரு துவக்குக்கு அலைந்தேன். கிடைத்திருந்தால் அவன் இன்றைக்கு மண்ணுக்குள் கிடப்பான். அவனிடமிருந்து எங்களைக் காப்பாற்றாத சட்டம், என்னிடமிருந்து அவனைக் காப்பாற்றிவிட்டது. அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

போன சனிக்கிழமை பெட்டியருகே நிற்கும்போது சாந்தி அழைத்தாள்.

"அண்ணே, செல்வராசு பன்னிக்கறி கொண்டாந்தான். அவன் கண்ணு முன்னாலயே நாய்க்குப் போட்டேன்."

"நல்லா செஞ்ச புள்ள!" வாய்விட்டுச் சிரித்தேன்.

"நீங்க எப்பண்ணே வருவீங்க?"

கடைக்காரன் என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டான். கேட்டால் எடுத்துக் கொடுப்பான். ஆனால் இங்கே நான் சுட வேண்டியவன் ஒருவனும் இல்லையே.

"வர்றேன் புள்ள" என்றேன். கண் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை.