எழும்பக் கூடாத கதிரை

போன ஞாயிறு வந்தவர்கள்: மனுவேல். அவர் மனைவி பாத்திமா. வான் வண்டியோடு அவர்களின் மகன். நான்.

மேற்கு ரொறன்ரோவில், ஒரு பேக்கரிக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற் அறையைக் காலி செய்யப் போனோம். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். கதவைத் திறந்ததும் கோவா இலை அவித்த சூப் மணந்தது. அடுப்பு அணைந்து வருடக்கணக்கு. சுவர் மணத்தை விடவில்லை.

அந்தச் சூப்தான் என்னைக் கெடுத்தது. சொல்கிறேன்.

மனுவேலும் நானும் கொங்கிறீற் வேலை செய்தவர்கள். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அவர் சொன்னதெல்லாம் எனக்கு என் தமிழில்தான் நினைவில் நிற்கிறது. அவருடைய ஊர் போர்த்துக்கலில் ஒரு சின்னக் கடற்கரைப் பட்டினம். மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்காரர் சேர்ந்து தொடங்கிய உதைபந்தாட்டக் கழகம் ஒன்று அங்கே இருந்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் கல்லறைகள் நிறைந்த சவக்காலை. பந்து மதில் தாண்டினால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எடுக்கப் போவார்களாம். ஒருமுறை லிஸ்பனின் பெரிய அணியோடு விளையாடியிருக்கிறார்கள். அந்தப் படம்தான் சுவரில் பெரிது.

“அடிச்சு வெண்டனீங்களோ?”

“இல்லை. சமன்.”

சமனுக்கு அவ்வளவு பெரிய படச்சட்டம்.

ரொறன்ரோவில் இருந்த அந்த ஊர்க்காரர் ஞாயிறு காலையில் இந்த பேஸ்மென்ற் அறையில் கூடி ஆட்டம் பார்ப்பார்கள். அவர்கள் ஊரில் ஒருவர் ஆட்டத்தைக் கமராவில் பிடித்து இணையத்தில் விடுவார். மனுவேல் கூப்பிட்டாரே என்று நானும் ஒருநாள் போனேன். மூலையில் ஒரு வெறும் கதிரை. இருந்தேன். வரிசையாக ஏழு ஆட்டம் தோற்ற அணி அன்றைக்கு வென்றது. நான் என் ஊரில் வாலிபோல் ஆட்டம் மட்டும் பார்த்தவன். எந்தப் பக்கம் எங்கள் கோல் என்றே எனக்குத் தெரியாது.

அடுத்த கிழமை மனுவேல் வாசலில் நின்றார்.

“அதே கதிரை. ஆட்டம் முடியும்வரை எழும்பாதை.”

அவர்கள் மொழியிலும் கதிரைக்குக் கிட்டத்தட்ட அதே பேர்தான். அதனால் உத்தரவு எனக்கு வடிவாக விளங்கியது. கோல் விழுந்தால் எல்லோரும் துள்ளுவார்கள். நான் சிலைபோல் இருப்பேன். வந்து தலையைத் தடவிவிட்டுப் போவார்கள்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை. “பூசைக்கு வாறதெண்டா உங்களுக்கு நாரி முதுகெல்லாம் நோகுது. அங்கை இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்க நோகேல்லையோ?”

இந்த நாட்டில் நான் வருகிறேனா என்று வாசல் பார்த்து நின்றவர்கள் அவர்கள்தான். அதை அவளுக்குச் சொல்ல வெட்கம்.

கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும். பாத்திமா சூப் தந்தா. இரண்டு கோப்பை குடித்தேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. நாலு நிமிடம்தான் மிச்சம். எனக்கு மூத்திரம் முட்டிவிட்டது. மனுவேல் போனைக் காதில் வைத்தபடி பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெல்ல எழும்பினேன்.

கழிவறையில் நிற்கும்போது வெளியே சத்தம் நின்றது. வந்து பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டு.

யாரும் ஏசவில்லை. அதுதான் கஷ்டம்.

கழகம் அதற்குப் பிறகு எழும்பவில்லை. இரண்டு வருடத்தில் கலைத்தார்கள். மைதானத்தில் இப்போது சூப்பர் மார்க்கெற். கூட்டமும் குறைந்தது. நான் மட்டும் குற்றவாளிபோல் போய்க்கொண்டிருந்தேன். சீட்டு விளையாடுவோம்.

போன ஞாயிறு படங்களைக் கழற்றும்போது வாய் திறந்தேன்.

“அண்டைக்கு நான் எழும்பியிருக்கக் கூடாது.”

மனுவேல் சிரித்தார். “விசரா. நீ எழும்ப முந்தியே அங்கை கோல் விழுந்திட்டுது. எங்கடை இணையப் படம் பிந்தித்தானே வாறது? அங்கை மைதானத்திலை நிண்ட என்ரை தம்பி போனிலை சொல்லிப்போட்டான்.”

“அப்ப ஏன் இவ்வளவு காலமாச் சொல்லேல்லை?”

“கோலுக்கை நிண்டது தம்பியின்ரை மகன். பந்து காலுக்குள்ளாலை போச்சு. நீ எழும்பினதாலைதான் தோத்ததெண்டு நினைச்சு அவனை ஒருத்தரும் ஏசேல்லை.”

பாத்திமா தலையைக் குனிந்துகொண்டா. அவவுக்கும் தெரியும்போல.

எனக்குக் கோபம் வரவில்லை. கையில் இருந்த படத்தைக் கீழே வைத்தேன். இருந்துவிட்டேன்.

மனுவேலின் மகன் கதிரைகளை எண்ணி வானில் ஏற்றினான். திரும்பி வந்து, “முப்பத்தொன்பதுதான் இருக்கு. ஒண்டு குறையுது, அங்கிள்” என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

பழைய மூலையில், பழைய கதிரையில் நான் இருந்தேன்.

எழும்பினேன்.

நாற்பது.