அத்தையின் குறுக்கு விசாரணை

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அத்தை கைபேசியை மேசைமேல் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்துவாள். ஒருவர் சொல்வது அடுத்தவர் காதில் விழக் கூடாதாம். வரப்போகும் பிள்ளைகளுக்காகக் குடும்பக் கதையைச் சேர்க்கிறாள் என்று பேர். வெளியே காத்திருக்கும் எங்களுக்கோ திருட்டு வழக்கில் அகப்பட்டதுபோல் இருக்கும்.

ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருட்களைத் திருப்பித் தரும் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "சிவப்புப் பெட்டின்னு எவன் வேணா சொல்வான். உள்ள என்ன இருந்துச்சு, அதைச் சொல்லு" என்பாள். பெட்டியில் இல்லாத ஒன்றை இருந்ததுபோல் தானே சொல்லிப் பார்ப்பாள். "ஆமா ஆமா" என்று தலையாட்டினால் ஆள் தொலைந்தான். ஒன்றுவிட்ட சித்தப்பாவிடம், "உன் கல்யாண விருந்துல கரண்ட் போச்சே?" என்றாள். "ஆமாக்கா, இருட்டுலதான் சாப்பிட்டோம்" என்றார் அவர். விருந்து நடந்தது பட்டப்பகலில். அதன்பிறகு சித்தப்பா அத்தை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

எனக்கு அவள்மேலேயே சந்தேகம். உண்மை வேண்டுமா, ஆளை மடக்கும் ருசி வேண்டுமா?

போன வாரம் அப்பாவின் முறை. வயதானவர் என்பதால் துணைக்கு என்னையும் உள்ளே விட்டாள். எங்கள் வீட்டுப் பெருமையே அப்பாவின் கதைதான். வீடு தீப்பற்றியபோது, சிறுவனாக இருந்தவர் உள்ளே பாய்ந்து, தாயில்லாக் கைக்குழந்தையான அத்தையைத் தூக்கி வந்தார். தாத்தாவின் இரண்டாம் தாரமோ குழந்தையை விட்டுவிட்டுத் தான் மட்டும் ஓடித் தப்பினாள். அதற்காகவே அவளைத் துரத்திவிட்டார்கள்.

"எந்தக் கதவு வழியாண்ணே வந்தே?"

"முன்கதவுதான்."

"அது வெளிப்பக்கம் பூட்டியில்ல இருந்துச்சு?"

"ஆமால்ல... பின்கதவுதான்."

"பூட்டைப் பத்தி எனக்கென்ன தெரியும்? நான் கைக்குழந்தை. சும்மா சொன்னேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயதான மனிதரையா இப்படி? ஆனால் அப்பா கோபப்படவில்லை.

"நான் உள்ளயே போகலம்மா. சித்திதான் உன்னைத் தூக்கிட்டு வந்து என் கையில குடுத்தாங்க. அப்புறம் இருமிக்கிட்டே தெருக்கோடில போய் விழுந்துட்டாங்க. சனம் ஓடி வந்தப்ப நீ என் கையில இருந்தே. நான் காப்பாத்தினேன்னு அவங்களாவே சொல்லிக்கிட்டாங்க. சித்தியைத் துரத்தினப்பவும் நான் வாயைத் தொறக்கல. என்னையே பாத்துக்கிட்டுப் போனாங்க."

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சித்தியை அவள் வாழ்நாளெல்லாம் 'ஓடுகாலி' என்றுதான் சொல்லி வந்தாள்.

"அழிச்சிடும்மா. பேரப்பிள்ளைங்க கேக்கும்" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"அழிச்சிடுங்க அத்தை" என்றேன் நானும்.

அத்தை பதிவைப் பேரப்பிள்ளைகள் எல்லாரும் இருக்கும் குடும்பக் குழுவுக்கு அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தாள். பிறகு நாற்காலியை அண்ணன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.