உள்பக்கத் தாழ்ப்பாள்

ஹாலிஎலவில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் பலகை விற்கும் என் மரக்காலையைக் காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கட்டியது அது. அதற்கு மேலே என் மாடிவீடு. நிற்கவே நிற்காது என்று படித்தவர்கள் சொன்ன சரிவில் இன்னும் நிற்கிறது. பதுளையில் எத்தனையோ டாக்டர்மார் வீட்டுக் கதவுகள் என் பட்டறையில் பிறந்தவை. இத்தனைக்கும் முன்னால், அதுவரை கடலையே பார்த்திராத வயதில், நான் ஒரு கப்பல் கட்டினேன். கப்பல் என்பது கொஞ்சம் கூடுதல்தான். ஆழ்கடலுக்குப் போகும் மரப்படகு.

அப்போது தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் எங்களுக்கிருந்தது ஒரே அறை, ஒரு காம்பரா. அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் ஒரு பக்கம். குறுக்கே ஒரு சேலை. அந்தப் பக்கம் புதிதாகக் கல்யாணம் கட்டிய சித்தப்பாவும் சித்தியும். சித்தி எதைப் பேசினாலும் முணுமுணுப்பாகத்தான் பேசுவாள். கடவுள் அவளுக்குக் கொடுத்த குரலே அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா தேயிலை ஃபெக்டரியில் என்ஜின் பார்ப்பவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். திருகோணமலையில் பழைய படகொன்று வாங்கிச் சாமான் ஏற்றப் போகிறாராம், இருவரும் அதிலேயே குடியிருக்கப் போகிறார்களாம்.

அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "நீ கடலப் பாத்திருக்கியாடா?"

"இல்லண்ணே. அதுவும் என்னயப் பாத்ததில்லதானே."

"தோட்டத்துல பேரு வெட்டுனா வெட்டுனதுதான். திரும்பி வந்தா இந்தச் சேலைக்கு அந்தப் பக்கமும் கெடைக்காது, பாத்துக்க."

பள்ளி விடுமுறையானதால் என்னையும் கூட்டிப் போனார்கள்.

கரையில் இரண்டு படகுகள் விலைக்கு நின்றன. ஒன்று நீலமும் மஞ்சளும் பூசி மாப்பிள்ளை மாதிரி இருந்தது. மற்றது தோலுரிந்த கிழம். சித்தப்பாவின் கண் மாப்பிள்ளை மேல்தான், அதன் என்ஜின் அப்படி. சித்தி ஏறிப் பார்த்துவிட்டு அவர் காதில் ஏதோ சொன்னாள்.

"கதவு எங்கன்னு கேக்குறா" என்றார் சித்தப்பா.

படகுக்கார முதலாளி சிரித்தார். "கடல்ல கதவென்னத்துக்குத் தங்கச்சி? படங்கு தொங்குதுதானே."

சித்தி அந்தப் படங்குத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். இறங்கிவிட்டாள். கிழட்டுப் படகின் பின்பக்கம் பலகைச் சுவர் வைத்த சின்ன அறை இருந்தது. கதவு இல்லை, நிலை இருந்தது. அந்த நிலைக்குள் போய் நின்றாள்.

"என்ஜின் செத்துக் கெடக்கு புள்ள."

"நீங்க எழுப்பிருவீங்க."

எழுப்பினார். அவர் கரியில் குளித்துக் கிடக்க, நான் பெரியவர்கள் நுழையாத இடுக்கெல்லாம் நுழைந்து, பலகைச் சந்துகளில் எண்ணெயில் தோய்த்த பஞ்சைத் திணித்தேன். நான் திணித்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இது பொய்யில்லை.

கதவுக்குப் பலகை எங்கள் ஊரிலிருந்தே வந்தது. பஸ்ஸின் கூரையில் ஏற்றிவந்த தேயிலைப் பெட்டிகளைப் பிரித்துத் தைத்தோம். பெட்டியில் அச்சடித்திருந்த தோட்டத்தின் பெயர் கதவில் தலைகீழாக நின்றது. பிறகு சித்தப்பா தாழ்ப்பாளைப் பிடிக்க, நான் திருகாணி முறுக்கினேன். வெளிப்பக்கம்தான் போட்டோம். லயத்தில் எல்லாக் காம்பராவுக்கும் அப்படித்தான். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார்கள். இரவில் எல்லாரும் உள்ளேதான் கிடக்கிறோம், யாருக்கு எதிராகத் தாழ் போடுவது?

சித்தி வந்து பார்த்தாள். "வெளியில யாருங்க பூட்டப் போறா? மீனா?"

சித்தப்பா தலையைச் சொறிந்தார். நான் விடவில்லை. "உள்ளுக்குப் போட்டா, வெளிய போறப்ப எப்பிடி சித்தி பூட்டுவீங்க?"

"நாங்க வெளிய போறதுக்காடா தம்பி கதவு வைக்கிறோம்? உள்ள இருக்கத்தான். கழட்டு."

கழற்றி உள்பக்கம் நானே தனியாகப் போட்டேன். கொஞ்சம் கோணிக்கொண்டது.

படகு தண்ணீரில் இறங்கி மிதந்த அன்று மத்தியானம், முன்பக்கம் உட்கார்ந்து கப்பல் ஏதும் வருகிறதா பார் என்றார்கள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. சற்று நேரத்தில் சித்தி சிரித்தாள். அப்படியொரு சிரிப்பு. அறைக் கூரையில் இருந்த காகங்கள் எழுந்து பறந்தன. அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். கோணல் தாழ்ப்பாளைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று எனக்கு அழுகை வந்தது. கப்பலும் வரவில்லை.

ஊர் திரும்பியபோது காம்பராவில் சேலையை அவிழ்த்திருந்தார்கள். அன்றுதான் காலை நீட்டிப் படுத்தேன். கடல் பார்த்து வந்த பெரிய மனிதனுக்கு வீட்டில் தரும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடம் யார் விட்டுப் போனது என்று விளங்க எனக்கே கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. அந்த இருவரையும் நினைக்காமல் இன்றுவரை நான் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டதில்லை.

சித்தப்பாவின் மகள் இப்போது கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்து, அப்பா தனியாளாகக் கட்டிய படகு என்கிறாள். என்ஜின் அவருடையது, ஒத்துக்கொள்கிறேன். படகைத் தெரிந்தெடுத்தது அவள் அம்மா, அதையும் அவள் சொல்ல வேண்டும். தாழ்ப்பாள் என்னுடையது. அடுத்த கல்யாணத்தில் அதை என் பெயரோடு சொல்லட்டும். அந்தத் தாழ்ப்பாள் இல்லையென்றால் மைக் பிடிக்க அவளே இருந்திருக்க மாட்டாள்.