கல்வெட்டு அடித்துத் திருத்திய வரி

அந்த ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தவருக்குக் கல்வெட்டு என்று பட்டப்பெயர். எழுதின ரிப்போர்ட்டை அவர் அடித்துத் திருத்தினதாகச் சரித்திரமே கிடையாது. பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரப் பெருமைதான், வெளியே மட்டும் முறைப்பார். மற்றபடி ஆளிடம் ஒரே ஒரு குறை. மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் மெஷினின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகி, "டீ வந்துச்சா?" என்பதைக்கூட ஊருக்கே அறிவிப்பது மாதிரிதான் கேட்பார். மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. சொன்னால் அதற்கும் கத்துவாரே.

ஒரு நாள் மூளைக்காய்ச்சலோடு ஆறு வயதுப் பெண் குழந்தையைச் சேர்த்தார்கள். முதுகுத்தண்டில் எடுத்த நீர் கஞ்சித் தண்ணீராகக் கலங்கியிருந்தது. உள்ளே கிருமிகள் ஜோடி ஜோடியாக, எக்கச்சக்கம். குழந்தையின் அம்மா தையல்காரி. அளவு நாடா கழுத்தில் தொங்குவதுகூடத் தெரியாமல் வார்டில் நின்றாள். வார்டு டாக்டரம்மா அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"வழக்கமா குடுக்கிற மருந்து, கிருமியோட சுவரை உடைச்சுக் கொல்லும்மா. அது வெடிச்சுச் சிதறும். அந்தச் சிதறலால மூளையைச் சுத்தி வீக்கம் இன்னும் ஏறலாம். பிழைச்ச பிள்ளைங்க சிலருக்குக் காது கேக்காமப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். இப்ப வேற ஒரு மருந்தை ஆய்வுக்காகக் குடுத்துப் பாக்கிறோம். அது உடைக்காமலே கொல்லும். உங்க சம்மதம் வேணும்."

"காது போயிடுமா?" என்றாள் தையல்காரி. வேறெதுவும் அவள் காதில் விழவில்லை.

"போகக் கூடாதுன்னுதாம்மா பாக்கிறோம்."

கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஆய்வைப் பற்றிப் பரிசோதனைக் கூடத்துக்கும் முன்பே ஒரு குறிப்பு வந்திருந்தது. கல்வெட்டு அதைப் படிக்காமலே ஃபைலில் செருகி வைத்திருந்தார். கரைத்துக் குடித்த வேலைக்குக் குறிப்பு ஒரு கேடா?

மறுநாள் மதியம் இரண்டாவது மாதிரி வந்தது. கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றிப் பார்த்தால் கிருமிகள் அப்படியே முழுசாக நின்றன. கல்வெட்டின் கணக்கு எளிது. மருந்து பலித்தால் மறுநாள் கிருமிகள் சிதறிப்போய், தேடினால் ஒன்றிரண்டு அகப்படும். முழுசாக நின்றால் மருந்து தோற்றது. பழைய மருந்துக்கு அந்தக் கணக்கு பொய்த்ததேயில்லை. 'கிருமிகள் ஏராளமாக இருக்கின்றன' என்று எழுதி அனுப்பினார். அந்த 'இருக்கின்றன'தான் வினையாகப் போயிற்று.

டாக்டரம்மா போன் செய்தார். "குழந்தைக்குக் காய்ச்சல் இறங்குது, கண்ணு முழிச்சுப் பாக்குது. நல்லாப் பாத்தீங்களா சார்?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றார் கல்வெட்டு, போனே அதிரும்படி.

குழந்தை தெளிவாக இருந்ததால் காலை ஒன்பது மணி வரை பார்ப்பது, பிறகு பழைய மருந்தையே அதிக அளவில் ஏற்றுவது என்று வார்டில் முடிவாயிற்று.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கல்வெட்டு, மாதிரிகளைத் தட்டில் தடவிக் கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியைத் திறந்தார். முதல் மாதிரியை வளர்த்த தட்டில் கிருமி கொசகொசவென்று முளைத்திருந்தது. இரண்டாவது மாதிரியின் தட்டோ கழுவிக் கவிழ்த்த மாதிரி சுத்தமாக இருந்தது. தட்டு மாறிப்போச்சோ என்று நம்பரைப் பார்த்தார். சரிதான். கண்ணாடித் துண்டை மறுபடி பார்த்தார். கிருமிகள் முழுசாகத்தான் நின்றன.

"கண்ணாடியில இருக்கு, தட்டுல முளைக்கல. இது என்னம்மா கூத்து?" என்றார், பக்கத்து மேசையில் ரத்தம் பார்க்கும் பெண்ணிடம்.

அவள் தலையே நிமிரவில்லை. "செத்தவன் எந்திரிச்சா போயிடுவான்? பொணம் அங்கதானே அண்ணே கெடக்கும்."

கல்வெட்டுக்குச் சுருக்கென்றது. ஃபைலை இழுத்துக் குறிப்பை எடுத்தார். இரண்டாவது வரியிலேயே இருந்தது. இந்த மருந்தில் கிருமி செத்தாலும் உருவம் குலையாது. கண்ணாடியில் தெரிவதை வைத்து முடிவு சொல்லாமல், தட்டில் வளர்கிறதா என்று பார்க்கவும். மணி எட்டு ஐம்பது. வார்டுக்குப் போன் போட்டால் யாரோ பேசிக்கொண்டேயிருந்தார்கள். தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க!"

அந்தக் குரல் உருப்படியாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான். வார்டே திரும்பிப் பார்த்தது.

"அதுங்க செத்துப்போச்சு டாக்டர். பொணத்தை எண்ணி, இருக்குன்னு எழுதிட்டேன். தப்பு என்னோடது."

டாக்டரம்மா தட்டை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசியைக் கீழே வைக்கச் சொன்னார். "சரி சார். ரிப்போர்ட்டைத் திருத்திக் குடுங்க."

தையல்காரி பார்த்துக்கொண்டிருக்க, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தன் எழுத்தின் மேல் கோடு கிழித்துக் கையெழுத்திட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே இறங்கிவிட்டார்.

நாற்பது நாள் கழித்துக் காது பரிசோதனை நடந்தது. இடது காது ஒரு பொட்டு மந்தம், வலது காது பழுதில்லை. மருந்தா, அதிர்ஷ்டமா, ஒரு பிள்ளையை வைத்துச் சொல்ல முடியாது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். தையல்காரி குழந்தையைக் கூட்டிக்கொண்டு நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள்.

"வாம்மா, எப்படி இருக்கே?" என்றார் கல்வெட்டு.

குழந்தை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. "இவரு ஏம்மா இப்படிக் கத்துறாரு? காது வலிக்குது."

பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒருத்தரும் சொல்லத் துணியாதது. கல்வெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய், பாதி ஓட்டத்தில் நிறுத்தவே கூடாத மெஷினை நிறுத்தினார். அறையின் அந்தக் கோடியில், வாயசைவு தெரியாதபடி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தனக்கே கேட்காத குரலில் கேட்டார்.

"எத்தனாவது படிக்கிற?"

"ஒண்ணாவது" என்றது குழந்தை.